மூங்கில் கழியும் வாக்குச்சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம். போரில் சிதைந்த ஒரு நாட்டில் மக்களாட்சி வேரூன்ற வெளிநாடுகள் எந்த அளவுக்குத் துணைநிற்க முடியும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவு கம்போடியாவுக்கே செல்கிறது. 1991 அக்டோபர் 23 அன்று பாரிசில் கையெழுத்தான அமைதி உடன்பாட்டின்படி, தேர்தல் நடத்திக்கொடுக்க ஐக்கிய நாடுகள் சபை ஏறத்தாழ 22,000 பேரை அங்கே அனுப்பியது. செலவு 150 கோடி டாலரைத் தாண்டியது.

அந்தப் பெரும்படையின் நிலையை ஒரு காட்சியிலேயே சொல்லிவிடலாம். 1992 மே மாதத்தில், அதன் தலைவர் யசுஷி அகாஷியும் படைத்தளபதி சாண்டர்சனும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படையான கெமர் ரூஜ் வசமிருந்த பைலின் பகுதிக்குச் சென்றபோது, சாலையின் குறுக்கே ஒரு மூங்கில் கழி கிடந்தது. காவலுக்கு நின்ற சில போராளிகள் அதைத் தூக்க மறுத்தார்கள். இருவரும் திரும்பி வந்தார்கள். அவர்கள் வந்தது போரிட அல்ல என்பதால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கழியை நாடே பார்த்துவிட்டது.

கழி தடுத்த இடத்துக்கும் காற்றலை போயிற்று. வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் புகழ்கிறான் என்று நீங்கள் சிரிக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். ஆளும் கட்சியின் ஆட்கள் வாக்காளர் அட்டைகளின் எண்களைக் குறித்துக்கொண்டு போன கிராமங்களில், தன் வாக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்ற அச்சம் ஊறியிருந்தது. அந்த அச்சத்தைத் துப்பாக்கியால் போக்க முடியாது. ஐ.நா. நடத்திய வானொலி, கெமர் மொழியில், ஒரே செய்தியைச் சலிக்காமல் சொன்னது: உங்கள் வாக்கு இரகசியமானது. ஜப்பானிலிருந்து வந்த சிறு வானொலிப் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து மக்கள் கேட்டார்கள். உங்கள் வாக்கு இரகசியமானது, மறுபடியும் அதேதான். கெமர் ரூஜ் மிரட்டியும், 1993 மே 23 முதல் 28 வரை நடந்த தேர்தலில், பதிவு செய்தவர்களுள் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 120 இடங்களில் இளவரசர் ரணரித்தின் கட்சி 58 பெற்றது. ஆண்டுகொண்டிருந்த ஹுன் சென்னின் கட்சிக்குக் கிடைத்தவை 51.

தோற்றவர் வீட்டுக்குப் போனாரா என்றால், இல்லை. நிதி, பாதுகாப்பு உள்ளிட்ட ஐந்து துறைகளை ஐ.நா. நேரடியாகக் கண்காணிக்க வேண்டும் என்று உடன்பாடு சொல்லியிருந்தது. ஆனால் மொழி அறியாத வெளிநாட்டு அதிகாரியின் மேசைக்குக் கோப்புகள் ஒருபுறம் போய்க்கொண்டிருக்க, முடிவுகள் கட்சிக்காரர்களுக்குள்ளேயே எடுக்கப்பட்டன. காவல்துறையும் மாகாண அலுவலகங்களும் கைமாறவே இல்லை. கிழக்கு மாகாணங்கள் பிரிந்துபோகும் என்ற மிரட்டலுக்குப் பின்னர், ரணரித்தும் ஹுன் சென்னுமாக ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் வந்தார்கள். தேர்தலை நடத்திக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று உதவிய நாடுகள் கருதியதுதான் பிழை என்பேன். வாக்குப்பெட்டிக்கு அளித்த காவலில் பாதியையாவது காவல்நிலையங்களைச் சீர்திருத்துவதில் காட்டியிருக்க வேண்டும்.

நீதிமன்றங்களைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் இடம்தரவில்லை. சுருக்கமாக: 1993 செப்டம்பரில் ஐ.நா. பணி முடிந்தது, அதன் வானொலியும் மௌனமாயிற்று. 1997 ஜூலையில் ஹுன் சென் ரணரித்தைப் படைபலத்தால் அகற்றினார். 2017-இல் உச்ச நீதிமன்றம் முதன்மை எதிர்க்கட்சியைக் கலைத்தது. மறு ஆண்டுத் தேர்தலில் 125 இடங்களும் ஹுன் சென்னின் கட்சிக்கே சென்றன. வணக்கம்.