மலை கேட்ட கழித்தல் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தில் நான் 9 மலையேற்றச் சைக்கிள் போட்டிகளில் கலந்துகொண்டேன். ஒன்பதிலும் நான் மிதித்த நேரத்தைக் கூட்டினால் 40 நிமிடங்கள்கூட வராது. அந்த 40 நிமிடங்களைப் பற்றிப் பேசத்தான் என்னை இந்த மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். அதற்காக ஓர் ஆண்டு முழுவதும் உழைத்திருக்கிறேன் என்பதால் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மலையேற்றப் போட்டியில் எல்லோரும் கூட்டமாகப் புறப்படுவதில்லை. நிமிடத்துக்கு ஒருவர். பின்னால் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நம் இரு கால்களும் மிதிகட்டையில் பூட்டியிருக்கும். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுவார்கள். பிறகு மலையும் கடிகாரமும் நாமும்தான். சமதரைப் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே காற்றுக்கு ஒதுங்கி வலிமையைச் சேமிக்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவனுக்குக் காற்று பெரிய எதிரி அல்ல. எதிரி எடைதான்.

இந்தப் போட்டி மிகப் பழையது. லண்டனின் கேட்ஃபோர்டு சங்கம் 1887இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி இன்றும் நடக்கிறது. அது இப்போது நடைபெறும் யார்க்ஸ் ஹில் ஏற்றத்தைத் தேர்ந்தவர்கள் இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் மலைப் பாதையோ 12 கிலோமீட்டருக்கு மேல் நீளும். சராசரிச் சாய்வு 12 விழுக்காடு, உச்சியை நெருங்கும்போது 22 விழுக்காடு. அங்கே மிகச் சிறந்தவர்களுக்கே ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். இரண்டு நிமிடமோ ஐம்பது நிமிடமோ, கணக்கு ஒன்றுதான். ஓட்டுகிறவரையும் சைக்கிளையும் சேர்த்து இத்தனை கிலோ, அதை இத்தனை மீட்டர் மேலே தூக்க வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். நான் 64 கிலோ. சைக்கிள், காலணி, தலைக்கவசம் எல்லாம் சேர்ந்து 8 கிலோ. நாங்கள் மூன்று முறை போட்டியிட்ட ஒரு மலை, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 100 மீட்டர் உயர்கிறது. அதை நான்கு நிமிடத்தில் ஏற வேண்டுமானால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் கிட்டத்தட்ட 295 வாட் தேவை. டயர் உராய்வும் காற்றும் இன்னும் 30 வாட் கேட்கும். இதில் ஒரு கிலோ குறைந்தால் மூன்று நொடி மிச்சம். அரை நொடியில் பரிசை இழந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். மூன்று நொடி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் கழித்தல் தொடங்குகிறது. முதலில் தண்ணீர்ப் புட்டியைத் தாங்கும் கூடு போகும். முன்பக்கப் பற்சக்கரம் இரண்டில் ஒன்று போகும். ஹேண்டில்பாரின் கீழ் வளைவை இரம்பத்தால் அறுத்து, வெட்டிய முனைகளை அடைத்துவிடுவோம். ஏறும்போது அந்தப் பகுதியை யாரும் பிடிப்பதில்லை. யுசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் அமைப்பின் விதிப்படி 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிள் கூடாது. அந்த விதி பொருந்தாத உள்நாட்டுப் போட்டிகளில் 6 கிலோவுக்கும் கீழே இறக்கியவர்கள் உண்டு. நானும் குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு திருகாணியாக எடைபோட்டேன். அந்த வேலையில் எனக்கு மகிழ்ச்சி இருந்தது, அதை மறைக்கவில்லை.

சைக்கிளில் கழிக்க ஒன்றும் மிஞ்சாதபோது என் உடம்பில் கழிக்கத் தொடங்கினேன். இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். முன்வரிசையில் இருக்கும் இளையவர்கள் தயவுசெய்து கவனித்துக் கேளுங்கள்.

அந்த மலையில் முதல் போட்டியில் என் நேரம் 4 நிமிடம் 6 நொடி. அடுத்த ஆறு வாரங்களில் மூன்றரைக் கிலோ குறைத்தேன். காகிதக் கணக்குப்படி பத்து நொடிக்கு மேல் குறைந்து ஏறத்தாழ 3:55 வந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை 4:13 ஆனது. ஏழு நொடி கூடுதல்! மிதிக்கும் வலிமையை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டர் காரணத்தைச் சொன்னது. 320 வாட் கொடுத்த கால்கள் 296 கொடுத்தன. கொழுப்பு போய் முடிந்தபின் தசை போயிருக்கிறது. இரவில் தூக்கம் இல்லை, படியேறினால் தொடை நடுங்கியது, சின்னச் சளி மூன்று வாரம் நீடித்தது. பசியோடு படுப்பதை மனவுறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைக்காத விளையாட்டு வீரர்களின் நிலையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ‘ரெட்-எஸ்’ என்று பெயரிட்டு எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். ஆண்களுக்கு ஹார்மோன் குறையும். எலும்பு வலுவிழக்கும். ஓடுகிறவர்களுக்காவது கால் தரையில் மோதுவதால் எலும்பு உறுதிப்படும். நமக்கு அந்தத் துணையும் இல்லை. நம் வட்டத்தில் ஒருவர் மெலிந்து வந்தால் ‘நல்ல ஃபார்மில் இருக்கிறாய்’ என்று முதுகில் தட்டுகிறோம். அந்த ஆறு வாரமும் என்னையும் தட்டினார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடும்படி உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

பிறகு வயிறாரச் சாப்பிட்டேன், தூங்கினேன். பருவத்தின் கடைசிப் போட்டி அதே மலையில்தான். இந்த முறை வேறொன்றைக் கழிக்க நினைத்தேன்: முதல் நிமிடத்தின் ஆவேசத்தை. புறப்பட்ட முதல் அரை நிமிடம் கால்களில் எந்த வலியும் தெரியாது. சாய்வே இல்லாததுபோல் இருக்கும். அப்போது நாம் செலவழிப்பது கடன். மூச்சும் இதயமும் முழு வேகத்துக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வாங்கிய கடனைக் கடைசி 200 மீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். ஓரத்தில் மணியடித்துக் கத்துகிறார்கள், எழுந்து நின்று மிதிக்க உடம்பு துடிக்கிறது. நான் இருக்கையை விட்டு எழாமல் 320 வாட்டைப் பிடித்துக்கொண்டேன். பந்தயத்தில் இதைவிடக் கடினமான எதையும் நான் செய்ததில்லை. வளைவு தாண்டியதும் எனக்கு முன்னால் புறப்பட்டவரின் முதுகு தெரிந்தது. அங்கேதான் எழுந்தேன். கடைசி அரை நிமிடம் பார்வை ஓரங்களில் மங்கியது. கோட்டைக் கடந்ததும் ஒருவர் ஓடிவந்து என்னையும் சைக்கிளையும் தாங்கிக்கொண்டார். தொண்டையில் இரும்புச் சுவை, விடாத இருமல். நேரம் 3:58.

மூச்சு திரும்பியபோது பக்கத்தில் ஒரு சிறுமி நின்றாள். அன்றுதான் அவளுக்கு முதல் போட்டி. “இப்போது எத்தனை கிலோ?” என்று கேட்டாள். “தெரியாது அம்மா, ஐந்து வாரமாக எடை பார்க்கவில்லை” என்றேன். அவள் நம்பவில்லை. அறுத்த ஹேண்டில்பாரைத் தொட்டு, “அப்படியானால் இதை ஏன் வெட்டினீர்கள்?” என்றாள். “அதற்குப் பசிக்காதே” என்றேன். அவள் சிரித்தாள். பையில் கொண்டுவந்திருந்ததை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டபடியே கடைசிப் போட்டியாளர் வரும்வரை ஓரத்தில் நின்று மணியடித்தோம்.

அந்தச் சைக்கிளை மேடைக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து தூக்கிப் பாருங்கள். ஒரே விரலில் தூக்கிவிடலாம்.