ஹேஇன்சாவின் மரப்பலகைகள் ஏன் உளுத்துப்போகவில்லை?

தென் கொரியாவின் ஹப்சோன் மாவட்டத்தைப் பற்றிப் போன முறை பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர், "ஹேஇன்சா கோயிலில் புத்தரின் திருமொழிகளைச் செதுக்கிய எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகள் ஏ.சி. கூட இல்லாத கூடங்களில் இருக்கின்றன என்றீர்களே, பூச்சி அரிக்காதா, உளுத்துப்போகாதா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாட்களாக இந்தக் கேள்வியோடுதான் எழுகிறேன், படுக்கிறேன்.

சன்னலைப் பாருங்கள். வழக்கமாக நான் சொல்வதுதான், சன்னலைப் பாருங்கள். கூடத்தின் தெற்குச் சுவரில் கீழ்ச் சன்னல் பெரியது, மேல் சன்னல் சிறியது. வடக்குச் சுவரில் அப்படியே தலைகீழ். காயா மலைச் சரிவில் வீசும் காற்று உள்ளே வந்ததும் நேராக ஓடிவிடாமல், அடுக்குகளைச் சுற்றிவிட்டு வெளியேறுகிறது. தரையில் கரி, உப்பு, சுண்ணாம்பு கலந்த மண். ஈரம் மிகுந்தால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும்.

இப்போது ஒரு பலகையைக் கையில் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு கிலோ எடை. இரு முனைகளிலும் சற்றுத் தடித்த கட்டைகள். அதனால் பலகைகளை நெருக்கி அடுக்கினாலும் எழுத்தோடு எழுத்து உரசாது, நடுவே காற்று போகும். மங்கோலியப் படையெடுப்பால் நாடே நிலைகுலைந்திருந்த 13ஆம் நூற்றாண்டில் புத்தரின் திருமொழிகளை எழுத்தெழுத்தாகச் செதுக்கியவர்கள், இதையும் யோசித்திருக்கிறார்கள்! 1970களில் கான்கிரீட்டில் புதிய காப்பகம் கட்டி, சில பலகைகளை அங்கே வைத்துப் பார்த்தார்கள். அவை கெடத் தொடங்கின. பழைய கூடங்களே போதும் என்று விட்டுவிட்டார்கள். இதற்காகத்தான் சன்னலைப் பாருங்கள் என்கிறேன்.

கொரியப் போர்க்காலத்திலும் ஆபத்து வந்தது. 1951இல் கோயில் பக்கம் குண்டு வீசுமாறு உத்தரவு வந்தபோது, விமானப்படை அதிகாரி கிம் யங்ஹ்வான் வீச மறுத்துவிட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அதே மாவட்டத்தின் கிழக்கே, மலைகள் வட்டமாகச் சூழ்ந்த சோகே–ஜொக்ஜுங் பள்ளத்தாக்கைப் பற்றி ஏன் யாருமே கேட்பதில்லை? சுமார் ஏழு கிலோமீட்டர் அகலம், நடுவில் வயல்கள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது என்று 2020இல் உறுதிசெய்தார்கள். ஆழத் துளையிட்டு எடுத்த பாறையில், மோதலின் அதிர்ச்சி கூம்பு வடிவக் கீறல்களாகப் பதிந்திருந்தது. அந்தப் பாறையின் படத்தை அடுத்த முறை காட்டுகிறேன்.