சிகரெட் கம்பெனியை ஜெயித்த குட்டி நாடு! புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் இந்தோனேசியா ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை?

[திரையில்: சிவப்பு, தங்கம், நீலம், பச்சை நிற சிகரெட் பாக்கெட்டுகள்]

ஒரு சிகரெட் கம்பெனி ஒரு நாட்டின் மீதே வழக்குப் போட்டது. ஆண்டு 2010, கம்பெனி பிலிப் மோரிஸ். நாடு உருகுவே, மக்கள்தொகையே சுமார் 35 லட்சம்தான்.

உருகுவே என்ன செய்தது? பாக்கெட்டில் 80 சதவீதம் எச்சரிக்கை போடச் சொன்னது. அப்புறம், ஒரு பிராண்டுக்கு ஒரே ஒரு ரகம்தான் என்றது. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இரண்டாவது விதி. "லைட்" என்று எழுதத் தடை போட்டால் கம்பெனிகள் தங்க நிறத்திலும் நீல நிறத்திலும் பாக்கெட்டை இறக்கும். 'இது கொஞ்சம் லேசானது போல' என்று வாங்குகிறவரே நினைத்துக்கொள்வார். உள்ளே இருப்பது அதே நஞ்சு. அந்த வழியையும் உருகுவே அடைத்துவிட்டது. கம்பெனி தன் 12 ரகங்களில் 7-ஐக் கடையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது.

2016 ஜூலையில் தீர்ப்பு. உருகுவே ஜெயித்தது! வழக்குச் செலவுக்காகக் கம்பெனி 70 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு. உருகுவேக்குப் பக்கபலமாக நின்றது உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். 2005-ல் அமலுக்கு வந்தது, 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் அதற்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன.

சரி, அதே 2005-ல் பிலிப் மோரிஸ் இந்தோனேசியாவின் சம்பூர்னா என்ற சிகரெட் கம்பெனியை வாங்கியது. ஒப்பந்தத்தை உருவாக்கும் பேச்சில் கலந்துகொண்டும், இன்றுவரை கையெழுத்துப் போடாத நாடு இந்தோனேசியா. அங்கே ஆண்களில் 60 சதவீதத்துக்கும் மேல் புகைக்கிறார்கள்.

[திரையில்: கிராம்பு சிகரெட் சுருட்டும் கைகள்]

இந்தோனேசியாவின் குதூஸ் நகரில் ஒரு பெண் உருட்டிக் கொடுக்க, பக்கத்தில் இருப்பவர் கத்தரியால் முனையை நறுக்குவார். ஒப்பந்தத்தில் சேர்ந்தால் இவர்கள் பிழைப்பு என்னாவது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றுத் தொழிலுக்குக் கைகொடுக்கச் சொல்லும் 17-ஆம் பிரிவு இதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. சுகாதாரக் கொள்கையில் கம்பெனிகள் தலையிடாமல் தடுக்கும் 5.3-ஆம் பிரிவும் இதில்தான். இந்தோனேசிய அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.

2024-ல் அங்கே சிகரெட்டைச் சில்லறையாக விற்கவும், பள்ளியிலிருந்து 200 மீட்டருக்குள் விற்கவும் தடை வந்தது. இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து பார்க்கும் நம் தமிழர்களே, உங்கள் தெருப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில் விற்பனை நின்றுவிட்டதா? கமெண்டில் எழுதுங்கள்.