சிஸ்டர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும்போது

அவையோருக்கு வணக்கம்.

ஒரு தாளைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் அது. மொத்தம் 19 அம்சங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் நின்று சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகள் இதைப் பயன்படுத்திப் பார்த்தன. 2009-இல் வெளியான முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தப் பட்டியல் பரவலாக நடைமுறைக்கு வந்தது. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். இறப்பில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை.

தாள் மாறவில்லை. பின் எது மாறியது? ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். என் கணிப்பைத் தியேட்டருக்குள் வைத்தே சொல்கிறேன்.

பல இடங்களில் சிஸ்டர் பட்டியலைப் படிப்பார், யாரும் தலை நிமிர்வதில்லை. சில இடங்களில் நோயாளி உள்ளே வரும் முன்பே எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்திருக்கும். உண்மையாகவே நின்று சரிபார்க்கும் தியேட்டரில், பணிக்குப் புதிதாக வந்த சிஸ்டர் சொல்கிறார்: “டாக்டர், ஒப்புதல் படிவத்தில் இடது முழங்கால்னு இருக்கு. குறி வலது பக்கம் போட்டிருக்கு.” அடுத்த மூன்று விநாடிகள்தான் அந்த மருத்துவமனையின் பண்பாடு. “நல்ல வேளை சொன்னீங்க சிஸ்டர். கேஸ் ஷீட்டையும் எக்ஸ்ரேயையும் எடுங்க” என்று சர்ஜன் சொன்னால், அறையில் இருக்கும் ஆறு பேரும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். “அது எனக்குத் தெரியாதா?” என்றால் வேறொன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். மறுபடி அவர்களைப் பேசவைக்க மாதக்கணக்கில் ஆகும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியூக்களில் 2003 முதல் நடந்தது இதற்கு நேர் உதாரணம். சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய், சம்பந்தமாக ஐந்தே விதிகள்: கை கழுவுவது, முழு உடலையும் மறைக்கும் விரிப்பு, தோலுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, முடிந்தவரை தொடை ரத்தக்குழாயைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடுவது. பொருள்கள் எல்லாம் ஒரே வண்டியில் இருந்தன. அவசர நிலை தவிர மற்ற நேரங்களில், விதி மீறினால் டாக்டரை நிறுத்தும் அதிகாரம் சிஸ்டருக்கு இருந்தது. நோயாளிகளின் உடலில் லைன் இருந்த ஆயிரம் நாள்களுக்கு 2.7 என்று இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது.

அதிகாரத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பது எளிது. இரவு இரண்டு மணிக்கு ஒரு சிஸ்டர் லைனை நிறுத்தி, டாக்டர் கோபித்துக்கொண்டு போனபின், காலையில் நிர்வாகம் யார் பக்கம் நிற்கிறது? மறுவாரம் அந்த சிஸ்டருக்கு வேறு வார்டு போட்டால், அந்த விதி அன்றோடு முடிந்தது.

சரி, தலைமை தினமும் என்ன செய்யலாம்? காலையில் ஒரே நேரத்தில் 15 நிமிட நின்றபடிக் கூட்டம். வார்டு இன்சார்ஜ்கள், மருந்தகம், ஆய்வகம், ரத்த வங்கி, துப்புரவு மேற்பார்வையாளர், கருவிப் பராமரிப்பு என எல்லாத் தரப்பும் வர வேண்டும். கேள்விகள் மூன்று: கடந்த 24 மணி நேரத்தில் என்ன தவறியது, அடுத்த 24 மணி நேரத்தில் எது ஆபத்து, எங்களிடமிருந்து என்ன வேண்டும். கண்காணிப்பாளர் கடைசியில்தான் பேச வேண்டும். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. மறுநாள் அதை வாசித்துவிட்டே கூட்டம் தொடங்க வேண்டும். இந்தக் கூட்டம் இரண்டு வழிகளில் கெடும். அங்கேயே தீர்வு தேட ஆரம்பித்து 40 நிமிடம் இழுத்துவிடும். அல்லது எல்லா வார்டும் “ஒன்றுமில்லை சார்” என்று சொல்லும். இரண்டாவதுதான் மோசம். அப்போது “நேற்று எந்த நோயாளியை நினைத்துக் கவலைப்பட்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

தவறுகளைப் பதிவு செய்யும் படிவமும் அப்படித்தான். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள வார்டுகளிலேயே அதிகத் தவறுகள் பதிவாவதைக் கண்டார். அங்கே மறைக்கத் தேவையில்லை. ஆகவே முதல் ஆறு மாதம் எண்ணிக்கை ஏறினால் பதற வேண்டாம். எழுதியவருக்கு ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் வராத படிவத்தை யாரும் இரண்டாம் முறை நிரப்புவதில்லை.

நேரடியாக ஊசியில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் சாதாரண சலைன் ஆம்பூலும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று வையுங்கள். கை மாறி எடுத்த சிஸ்டரை சஸ்பெண்ட் செய்தாலும் ஆம்பூல் அதே தட்டில்தான் இருக்கும். அடுத்த கை எடுக்கும். அடர் பொட்டாசியத்தைப் பொது வார்டு இருப்பிலிருந்தே அகற்றுங்கள். கை தவறியவர், வேலைப்பளுவில் குறுக்கு வழி பிடித்தவர், தெரிந்தே ஆபத்தை அலட்சியம் செய்தவர் ஆகிய மூவரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். முதலாமவருக்கு ஆறுதல், இரண்டாமவருக்குப் பயிற்சி. தண்டனை மூன்றாமவருக்கு மட்டுமே.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வரவு செலவுக்கு முன்னால் நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்குகள் பேசப்பட வேண்டும். நோயாளிகள் மோசமான கவனிப்பால் பாதிக்கப்பட்ட இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபர்ட்ஷையர் மருத்துவமனை விவகாரத்தில் 2013-இல் வந்த ஃபிரான்சிஸ் அறிக்கை 290 பரிந்துரைகள் தந்தது. அங்கே மேல்மட்டம் நிதியையும் இலக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தது; நோயாளிகளும் உறவினர்களும் சொன்னது காதில் ஏறவில்லை.

கடைசியாக, எல்லோரும் தவிர்க்கும் வேலை. திறமையான, வருமானம் கொண்டுவரும் மூத்த சர்ஜன் ஒருவர் சிஸ்டர்களை அவமதிக்கிறார். 48 மணி நேரத்துக்குள் தனியாக, அமைதியாக ஒரு பேச்சு. தொடர்ந்தால் எழுத்தில் எச்சரிக்கை. அதற்கும் மாறாவிட்டால் தியேட்டர் பட்டியலிலிருந்து தற்காலிக நீக்கம். அந்த முதல் பேச்சை மனிதவளப் பிரிவிடம் தள்ளிவிடாதீர்கள். மருத்துவக் கண்காணிப்பாளரே அவர் அறைக்குப் போய் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.