தொப்பியில் ஊர்ந்த பேனும் ஆடம் ஸ்மித்தும்: ஸ்காட்லாந்தின் அறிவொளிக் காலம்

வணக்கம் நண்பர்களே.

1697 ஜனவரி 8. எடின்பரோவிலிருந்து லீத் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு தூக்குமரம். அங்கே அழைத்து வரப்படுபவன் தாமஸ் ஐக்கன்ஹெட். வயது 20. பல்கலைக்கழக மாணவன். யாரையாவது கொன்றானா? இல்லை. திருடினானா? அதுவும் இல்லை. நண்பர்களோடு பேசும்போது பைபிளைக் கேலி செய்தான். ஒரு குளிர் இரவில் தேவாலயத்தைக் கடந்து போகையில், "இந்தக் குளிருக்கு நரகத்தில் இருந்தாலாவது சூடு காயலாம்" என்கிற மாதிரி ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்கு உயிர் போனது. கூடப் படித்தவர்களே சாட்சி சொன்னார்கள். மனம் மாறிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அவன் மனு எழுதினான். பாதிரிமார்கள் இரங்கவில்லை. பிரிட்டனில் தெய்வ நிந்தனைக்காகக் கொல்லப்பட்ட கடைசி ஆள் அவன்தான்.

இப்போது 1776-க்கு வாருங்கள். அதே எடின்பரோ. தத்துவஞானி டேவிட் ஹியூம் வயிற்று நோயோடு சாகக் கிடக்கிறார். அவருக்கு மதநம்பிக்கை கிடையாது என்பது ஐரோப்பா முழுக்கத் தெரிந்த விஷயம். சாகும்போதாவது இந்த மனுஷன் பயப்படுகிறாரா என்று பார்க்க, ஜூலை 7 அன்று ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற வழக்கறிஞர் வீட்டுக்கே போனார். மரணத்துக்குப் பிறகு ஒரு வாழ்க்கை இருக்க வாய்ப்பே இல்லையா என்று கேட்டார். ஹியூம் சொன்ன பதில்: "இருக்கலாம். நெருப்பில் போட்ட நிலக்கரி எரியாமலும் போகலாம்." சிரித்த முகத்தோடு சொன்னார். ஆடிப்போனது பாஸ்வெல்தான். ஆகஸ்ட் 25 அன்று ஹியூம் தன் வீட்டில், தன் கட்டிலில், அமைதியாக இறந்தார்.

ஒரே ஊர். நடுவில் 79 வருஷம். என்ன நடந்தது?

[திரையில்: ஸ்காட்லாந்து வரைபடம், ஐந்து புள்ளிகள்]

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1690களில் பஞ்சம். பனாமாவில் குடியேற்றம் அமைக்கப் போய் நாட்டின் பணம் பெருமளவு நாசம். 1707-ல் இங்கிலாந்தோடு இணைப்பு, நாடாளுமன்றம் லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால் சட்டம், திருச்சபை, பல்கலைக்கழகம் மூன்றும் ஸ்காட்லாந்தின் கையிலேயே இருந்தன. ஊருக்கு ஊர் பள்ளி வேண்டும் என்று 1696-லேயே சட்டம் போட்டிருந்தார்கள், ஐக்கன்ஹெட் கைதான அதே வருஷம். அந்தச் சின்ன நாட்டில் ஐந்து பல்கலைக்கழகங்கள். பக்கத்தில் இருந்த பெரிய இங்கிலாந்தில் இரண்டே இரண்டு. பின்னணி அவ்வளவுதான்.

இனி ஆட்களுக்கு வருவோம். இந்த அறிவொளிக் காலத்துக்கு 'பகுத்தறிவின் காலம்' என்றும் ஒரு பெயரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்போம். கேட்டதும், உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டே வாழ்ந்த மனிதர்கள் என்று தோன்றும். ஸ்காட்லாந்தில் நடந்தது கிட்டத்தட்ட நேர் எதிர். அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான மூளை ஹியூமுடையது. அவர் 1739-ல் தொடங்கி வெளியிட்ட தன் முதல் புத்தகத்திலேயே என்ன எழுதினார் தெரியுமா? பகுத்தறிவு உணர்ச்சிகளின் அடிமை, அடிமையாக இருப்பதுதான் அதற்குச் சரி என்று. ஒரு செயலைச் செய் என்று நம்மைத் தள்ளுவது ஆசையும் பயமும் அன்பும்தான். எப்படிச் செய்யலாம் என்று வழி சொல்வது மட்டுமே அறிவின் வேலை. அந்தப் புத்தகம் அச்சகத்திலிருந்தே செத்துப் பிறந்தது என்று பின்னால் அவரே எழுதினார்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலைக்கு முயன்றார், 1745-ல். நாத்திகர் என்று தட்டிவிட்டார்கள். சில வருஷம் கழித்து கிளாஸ்கோவிலும் அதே கதை. உலகத் தத்துவ வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கும் ஒருவருக்குத் தன் சொந்த நாட்டில் ஒரு பேராசிரியர் நாற்காலி கிடைக்கவில்லை. எனக்கு இதை எப்போது படித்தாலும் வயிற்றெரிச்சல்தான். கடைசியில் கிடைத்தது 1752-ல் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் நூலகர் வேலை. சம்பளம் வருஷத்துக்கு 40 பவுண்டு. ஆனால் சுற்றிலும் ஆயிரக்கணக்கான புத்தகங்கள். அவற்றை வைத்துத்தான் இங்கிலாந்தின் வரலாற்றை எழுதினார்.

இந்த 40 பவுண்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீடியோவில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் அதிலிருந்துதான் வரப்போகிறது.

1754-ல் ஹியூம் வாங்கிய மூன்று பிரெஞ்சுப் புத்தகங்கள் ஆபாசமானவை என்று நூலகப் பொறுப்பாளர்கள் அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவருக்கு அவமானம். வேலையை விட்டுவிடலாம் என்றால் புத்தகங்கள் கைவிட்டுப் போகும், எழுதிக்கொண்டிருக்கும் வரலாறு நின்றுவிடும். அதனால் பதவியை வைத்துக்கொண்டார், சம்பளத்தை மட்டும் தனக்கு வேண்டாம் என்று ஒரு கவிஞருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கவிஞர் தாமஸ் பிளாக்லாக். கொத்தனார் மகன். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மை கண்ணைப் பறித்துவிட்டது. பார்வையில்லாத அந்த மனிதரைப் படிக்க வைத்து, வாழ வைத்தவர்களில் ஹியூமும் ஒருவர். பிளாக்லாக்கிடம் மறுபடி வருவோம்.

இப்போது ஆடம் ஸ்மித். பெயரைக் கேட்டதும் 'தேசங்களின் செல்வம்', 1776, சந்தை, சுயநலம் என்று வரிசையாக ஞாபகம் வரும். அதற்கு 17 வருஷம் முன்னாலேயே, 1759-ல், அவர் 'அற உணர்வுகளின் கோட்பாடு' என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். என்னைக் கேட்டால் இதுதான் அவருடைய பெரிய புத்தகம். மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாக இருந்தாலும், அடுத்தவனின் சுகதுக்கத்தில் அவனுக்கு அக்கறை வரத்தான் செய்கிறது என்றுதான் அது தொடங்குகிறது. இதற்கு விதை போட்டவர் கிளாஸ்கோவில் ஸ்மித்தின் ஆசிரியராக இருந்த ஃபிரான்சிஸ் ஹட்சிசன். லத்தீனை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் வகுப்பெடுத்த முன்னோடி அவர். 14 வயதில் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்த ஸ்மித் கடைசி வரை அவரை மறக்கவில்லை.

புத்தகத்தில் ஒரு இடம் இருக்கிறது, அதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். சீனா முழுவதையும் பூகம்பம் விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஸ்மித். ஐரோப்பாவில் இருக்கும் நல்ல மனிதர் ஒருவருக்குச் செய்தி வருகிறது. வருத்தப்படுவார். வாழ்க்கை நிலையில்லாதது என்று நாலு வார்த்தை பேசுவார். அப்புறம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அதே மனிதருக்கு நாளைக்குச் சுண்டுவிரலை வெட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள், ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது.

நம் எல்லோரையும் பற்றி இதைவிட நேர்மையாக யாராவது எழுதியிருக்கிறார்களா? ஆனால் ஸ்மித் அதோடு நிறுத்தவில்லை. சரி, உன் சுண்டுவிரலைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பத்துக் கோடிப் பேரையும் சாகவிடுவாயா என்று கேட்கிறார். கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஏன்? விரல்தானே பெரிதாகத் தெரிந்தது? அதற்கு அவர் சொல்லும் காரணம், நமக்குள் உட்கார்ந்து நம்மையே கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு பாரபட்சமற்ற பார்வையாளர். அந்த ஆள் கண்ணுக்கு நாம் கூட்டத்தில் ஒருவர்தான், ஒரு துளியும் கூடுதல் முக்கியம் இல்லை. பிறர் நம்மைப் பார்க்கிற மாதிரி நாமே நம்மைப் பார்த்துவிட்டால், திருந்தாமல் இருக்கவே முடியாது என்று ஓரிடத்தில் எழுதுகிறார்.

இந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைப்பில் சொன்ன பேன் வந்துவிட்டது.

[திரையில்: தேவாலயத்தின் பின் இருக்கையிலிருந்து தெரியும் ஒரு பெரிய தொப்பி]

மேற்கு ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் ஒரு குத்தகை விவசாயி. பெயர் ராபர்ட் பர்ன்ஸ். அவருடைய கவிதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் முன்வரிசையில் ஜென்னி என்ற பெண். தலையில் 'லுனார்டி' தொப்பி. 1785-ல் இத்தாலிக்காரர் வின்சென்சோ லுனார்டி எடின்பரோவிலிருந்து பலூனில் பறந்து காட்டினார், ஊரே வாயைப் பிளந்தது, உடனே பலூன் மாதிரியே உப்பலாகத் தொப்பி வந்துவிட்டது. அந்தக் காலத்துப் புத்தம்புது விஞ்ஞானத்தை ஜென்னி தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதன் மேல் ஒரு பேன் ஊர்ந்து ஏறுகிறது.

கவிஞர் பேனைத் திட்டுகிறார். உனக்கு என்ன தைரியம், போய் ஏதாவது பிச்சைக்காரன் தலையில் இடம் தேடு, இந்தச் சீமாட்டி மேலா ஏறுவாய் என்கிறார். பேன் கேட்கவில்லை, உச்சிக்கே போய்விட்டது. ஜென்னிக்கு ஒன்றும் தெரியாது, ஒயிலாகத் தலையைச் சிலுப்புகிறாள். பின்னால் இருப்பவர்கள் கண் ஜாடை காட்டுகிறார்கள். அப்போது சட்டென்று கவிதை திரும்புகிறது: பிறர் நம்மைப் பார்க்கிறபடி நம்மை நாமே பார்க்கும் வரத்தை ஏதாவது ஒரு சக்தி நமக்குத் தராதா? எத்தனை தவறுகளிலிருந்தும் அசட்டு எண்ணங்களிலிருந்தும் தப்பிப்போம்!

ஸ்மித்தின் வரிதானே? நானாக முடிச்சுப் போடவில்லை. 1783-லேயே பர்ன்ஸ் தன் குறிப்பேட்டில் ஸ்மித்தின் அந்தப் புத்தகத்தைப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் ஸ்மித்துக்கு வேண்டியிருந்தது ஒரு பெரிய புத்தகம். பர்ன்ஸுக்கு ஒரு பேன் போதும். கவிதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடின்பரோவின் படித்த மனிதர்கள் அப்போது தங்கள் ஸ்காட் பேச்சை மறைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட் வழக்குகளை ஹியூமே பட்டியல் போட்டு வைத்திருந்தார். 1761-ல் சுத்தமான ஆங்கில உச்சரிப்பு பற்றி ஒரு ஐரிஷ் நடிகர் வந்து சொற்பொழிவாற்ற, ஊரின் பெரிய மனிதர்கள் திரண்டுபோய்க் கேட்டார்கள். பர்ன்ஸோ பேனைத் திட்டியது ஊர்ப் பேச்சிலேயே.

1786 ஜூலையில் கில்மார்னாக் என்ற சிற்றூரில் அவருடைய புத்தகம் வந்தது. 612 பிரதிகள், விலை 3 ஷில்லிங். சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. ஆனால் அவர் கையில் காசில்லை, காதலில் சிக்கல், ஜமைக்காவுக்குக் கப்பலேறிவிட முடிவு செய்திருந்தார். அடிமைகள் உழைக்கும் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை. அந்த நேரத்தில் எடின்பரோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது: கவிதைகள் அருமை, உடனே இரண்டாம் பதிப்பு போட வேண்டும் என்று. அந்தக் கடிதம் என் திட்டத்தையெல்லாம் கவிழ்த்துவிட்டது என்று பர்ன்ஸ் பிறகு எழுதினார். கப்பலை விட்டுவிட்டு எடின்பரோவுக்குப் போனார்.

எழுதியவர் யார்? பிளாக்லாக். ஹியூமின் 40 பவுண்டு போய்ச் சேர்ந்த அதே பார்வையற்ற கவிஞர். ஹியூம் இறந்து பத்து வருஷம் ஆகிவிட்டது.

எடின்பரோ பதிப்பை அச்சடித்தவர் வில்லியம் ஸ்மெல்லி. இதே ஊரில் பிறந்த 'என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா'வின் முதல் பதிப்பைத் தொகுத்தவரும் அவர்தான். பர்ன்ஸை 'வானம் கற்பித்த உழவன்' என்று எழுத்தாளர் ஹென்றி மெக்கன்சி கொண்டாடினார். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்குக் கற்பித்தது வானம் இல்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து வாத்தியார் வைத்துப் படிக்க வைத்த அப்பா, அப்புறம் கையில் கிடைத்த ஒவ்வொரு புத்தகமும். ஸ்மித்தைச் சந்திக்க மட்டும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அறிமுகக் கடிதம் வந்து சேர்வதற்குள் ஸ்மித் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்.

ஐக்கன்ஹெட்டைத் தூக்கிலிட்ட ஊரில் ஹியூம் எப்படி அமைதியாகச் சாக முடிந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1750களில் ஹியூமையும் திருச்சபையிலிருந்து விலக்க முயற்சி நடந்தது. அதைத் தடுத்தவர்கள் பாதிரிமார்கள்! வில்லியம் ராபர்ட்சன், ஹியூ பிளேர் போன்ற மிதவாதப் போதகர்கள் ஹியூமோடு ஒரே சங்கத்தில் வாதாடி, ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ராபர்ட்சன் பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். சட்டம் அப்படியேதான் இருந்தது, அதைக் கையில் வைத்திருந்த ஆட்கள் மாறியிருந்தார்கள். ஆனாலும் ஹியூமின் சாவு அமைதியாக இருந்தது என்று ஸ்மித் ஒரு சின்னக் கடிதம் வெளியிட்டதற்கு, பிரிட்டனின் வணிக அமைப்பையே தாக்கி எழுதியபோது வாங்கியதைவிடப் பத்து மடங்கு வசவு வாங்கினார்.

இந்த மனிதர்களைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. கறுப்பின மக்கள் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்று ஹியூம் ஒரு அடிக்குறிப்பு எழுதினார். அவமானகரமான வரிகள். அபர்டீனைச் சேர்ந்த ஜேம்ஸ் பீட்டி 1770-ல் அதைக் கிழித்தெறிந்தார், எனவே 'அந்தக் காலமே அப்படித்தான்' என்ற சமாதானம் செல்லாது. 1778-ல் ஜோசப் நைட் என்பவர் தன்னை ஜமைக்காவில் விலைக்கு வாங்கி ஸ்காட்லாந்துக்குக் கொண்டு வந்த முதலாளிக்கு எதிராக எடின்பரோ உயர் நீதிமன்றத்தில் வென்றார். ஜமைக்காவின் அடிமைச் சட்டம் இந்த மண்ணில் செல்லாது என்றது தீர்ப்பு.

கடைசியாக ஒரு விருந்து. 1786-87 குளிர்காலம், பேராசிரியர் ஆடம் ஃபெர்குசன் வீடு. பனியில் செத்துக் கிடக்கும் சிப்பாய், பக்கத்தில் மனைவி, குழந்தை, நாய் என்று சுவரில் ஒரு படம். பர்ன்ஸ் அதைப் பார்த்துக் கண்கலங்கி, கீழே இருக்கும் வரிகள் யாருடையவை என்று கேட்டார். அத்தனை அறிஞர்கள் இருந்த அறையில், பதில் தெரிந்தது ஒரு 15 வயதுப் பையனுக்கு மட்டும். அந்தப் பையன் வால்டர் ஸ்காட். 1814-ல் 'வேவர்லி' நாவலை வெளியிட்டு வரலாற்று நாவல் என்ற வகையையே ஐரோப்பா முழுக்கப் பரப்பியவர்.

ஓசியன் (Ossian) என்ற பழங்காலக் கவிஞரின் பெயரில் வந்த கவிதைகளை இந்த வீடியோவில் நான் தொடவே இல்லை. 1760-ல் தொடங்கி ஜேம்ஸ் மெக்பர்சன் அவற்றைப் பழங்காலக் கெயிலிக் மொழிக் கவிதைகள் என்று வெளியிட்டது, நெப்போலியன் மயங்கியது, ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் மோசடி என்று முழங்கியது, எல்லாம் தனி வீடியோவுக்கு உரியவை. அது முதலில் வேண்டுமா, ஜோசப் நைட் வழக்கு முதலில் வேண்டுமா? கமெண்டில் எழுதுங்கள், அதிகம் பேர் கேட்பதை அடுத்து எடுக்கிறேன்.