கொழும்பான்விளை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பழைய கத்தி தொங்குகிறது. ஒரு முழம்கூட நீளம் இல்லை. நுனி கொக்கி மாதிரி உள்பக்கம் வளைந்திருக்கும். மரப்பிடியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. இரும்பு மட்டும் பழசு. எங்கள் பூட்டன் குலசேகரத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் காடு வெட்டிக் குடியேறியபோது புலியை வெட்டிய கத்தி அது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் அது சின்னப் புலி. பூட்டன் கத்தியை ஓங்கினான், அது ஓடிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு மீசை முளைத்தபோது அது பெரிய கடுவாயாக வளர்ந்து, வெட்டுப்பட்டுச் செத்தும் போயிருந்தது. என் மகன் கல்யாணத்தில் என் தம்பி சம்பந்திமாரிடம் கதையைச் சொன்னபோது புலிகள் இரண்டாகிவிட்டன.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இந்தப் புலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. முதலில் திறந்தது தகரப்பெட்டியை. உள்ளே கரையான் விட்டுவைத்த சில காகிதங்கள். எல்லாம் மலையாளம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குடும்ப வரலாறு தேடுகிற யாருக்கும் முதலில் எதிர்ப்படுகிற சுவர் இதுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய நிலப் பத்திரங்களில் பெரும்பாலானவை திருவிதாங்கூர்க் கச்சேரி மொழியில் இருக்கும். பேசியது தமிழ், எழுதிக் கொடுத்தது மலையாளம். பேரனால் பூட்டனின் கையெழுத்தைப் பார்க்க முடியும், வாசிக்க முடியாது.

எங்களுக்கு வாசித்துத் தந்தது பெரியம்மா. மலையாளப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார். பத்திரத்தின் தேதி கொல்லம் ஆண்டு 1060, மகர மாதம், அதாவது நம் தை. மலையாள ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆகவே மகரத்துக்கு 825-ஐக் கூட்டினால் 1885-ஆம் ஆண்டின் தொடக்கம். கார்த்திகை மாதத்துப் பத்திரமாக இருந்தால் 824-தான் கூட்ட வேண்டும். இந்த ஒரு எண்ணில் தவறிப் பல குடும்பங்கள் ஒரு வருடம் முன்னே பின்னே அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

நிலத்தின் வகை, 'புதுவல்'. அதாவது அதுவரை யார் பெயரிலும் பதிவாகாமல், புதிதாகத் திருத்தப்பட்ட தரிசு. ஒரு பனையேறியின் மகன் சர்க்கார் நிலத்தைத் தன் பெயரில் பதித்துக்கொண்டான் என்பது இன்றைக்குப் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அதற்கு வெறும் 20 வருடம் முன்னால், கொல்லம் 1040 இடவ மாதத்தில், 1865-இல்தான் பண்டாரப்பாட்ட விளம்பரம் என்கிற அரசாணை வந்தது. அதற்கு முன்பு சர்க்கார் பாட்ட நிலத்தில் பாடுபட்டவனுக்கு அதை விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ முழு உரிமை கிடையாது. அந்த விளம்பரம் வந்த பிறகு, வரி கட்டினால் மண் அவனுடையது. காடு வெட்டுகிற கைக்கு அப்போதுதான் ஒரு வேகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெரியம்மா நான்கு எல்லைகளையும் வாசித்தார். தெற்கே ஓடை, மேற்கே பாறை, வடக்கே சர்க்கார் வனம். கிழக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"மக்களே, கிழக்கு அதிர் காணிக்காரன் குடியாக்கும்."

எங்கள் வீட்டுக் கதையில் அது ஆள் அரவம் இல்லாத காடு. முதலில் கால் வைத்தது பூட்டன். ஆனால் அவனுடைய பத்திரமே கிழக்கே ஒரு குடி இருக்கிறது என்று சாட்சி சொல்கிறது. நாங்கள்தான் நூறு வருடமாக அதை வாசிக்கவில்லை. காணிக்கார மக்கள் அகத்திய மலைச் சரிவுகளில் எவ்வளவோ தலைமுறைகளாக வாழ்கிறவர்கள். ஓரிடத்தில் காட்டைச் சுட்டு விதைத்து, அந்த மண்ணை ஓய விட்டு அடுத்த இடத்துக்குப் போய், சில வருடம் கழித்துத் திரும்பி வருவது அவர்களுடைய பழைய விவசாய முறை. அப்படி ஓய விட்ட மண்ணைத்தான் என் பூட்டன் தரிசு என்று நினைத்தானோ, அல்லது தெரிந்தே பதித்துக்கொண்டானோ! 'புதுவல்' என்ற சொல்லை இப்போது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பத்திரத்தை மடித்து வைத்த பிறகுதான் பெரியம்மாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பூட்டியின் முதல் பிரசவத்தைப் பார்த்தது ஒரு காணிக்காரக் கிழவி. பதிலுக்குப் பூட்டி கொடுத்தது உப்பும் கருவாடும் புகையிலையும். இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "புலியைப் பத்திதானே எல்லாரும் கேப்பிய" என்றார்.

சரி, புலி இருக்கட்டும். அந்தக் காட்டில் எங்கள் குடும்பத்தைக் கடித்தது கொசுதான். பூட்டிக்கு ஏழு பிள்ளைகள், தங்கியது மூன்று. பெரும்பாலும் குளிர்காய்ச்சல். பகலெல்லாம் நட்டதை ராத்திரி காட்டுப்பன்னி தோண்டிப் போட்டுவிடும். நட்டது மரச்சீனி, அதாவது மரவள்ளி. விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்டவர். மரச்சீனிக் கிழங்கைச் சாப்பிடச் சொல்லி ஊர் ஊராகப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பூட்டன் மண்ணில் கம்பு ஊன்றிய அதே காலம். இன்றைக்கு நாம் மீன் குழம்போடு ருசித்துத் தின்கிற கிழங்கு, அன்றைக்கு அரிசி வாங்க வழியில்லாதவனின் உயிர். பூட்டன் பேச்சிப்பாறை அணை வேலைக்குக் கல் சுமந்ததாகவும், அணை கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கியதாகவும் ஒரு கதை உண்டு. அணை 1906-இல் முடிந்தது, துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டும் உண்மை. கை குலுக்கியதைப் புலிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

எனக்குத் தீராமல் இருந்தது வேறொரு சந்தேகம். எங்கள் நிலத்துக்குக் கொழும்பான்விளை என்று பெயர். விளை என்றால் நம் ஊரில் மரங்கள் நிற்கிற மேட்டு நிலம், எல்லாருக்கும் தெரியும். கொழும்பான் யார்? கொழும்பு மாமரம் நின்றதால் வந்த பெயர் என்று அப்பா சொல்வார். அங்கே ஒரு மாமரம் நின்று யாரும் பார்த்ததில்லை. பெரியம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றினார். மூன்றாம் முறை கேட்டபோதுதான், குரலைத் தாழ்த்தி, "பாட்டாவுக்கு அப்பா கொழும்புல கூலிக்கு நின்ன ஆளாக்கும்" என்றார்.

விஷயம் இதுதான். பூட்டனின் சொந்த ஊர் அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பனங்காடு. 1860-இல் தென் திருவிதாங்கூரில் மழை பொய்த்துக் கொடும் பஞ்சம் வந்தது. பனையும் வற்றினால் பனையேறி என்ன செய்வான்? பன்னிரண்டு வயதுப் பையனை அவனுடைய மாமா, தோட்டங்களுக்குக் கூலியாள் சேர்க்கிற ஒரு கங்காணியோடு தூத்துக்குடி வரை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்த் தோணி ஏற்றியிருக்கிறார். போனது காப்பித் தோட்டத்துக்கு. ஆமாம், இலங்கை மலைகளில் அப்போது தேயிலை கிடையாது, காப்பிதான். 1869-இல் அங்கே காப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி மாதிரி ஒரு துரு நோய் கண்டது. பதினைந்து வருடத்துக்குள் மலை மலையாகக் காப்பி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. நம் அசம்பு மலையில் வெள்ளைக்காரர்கள் போட்ட காப்பியையும் அந்த நோய் விட்டுவைக்கவில்லை. ஒரு பூஞ்சை செய்த வேலை. அது இல்லாவிட்டால் பூட்டன் திரும்பியிருக்க மாட்டான், நான் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவும் மாட்டேன். சேர்த்த பணமும் அந்தத் தகரப்பெட்டியுமாக வந்தவனுக்குப் பனங்காட்டில் ஒரு பிடி மண் இல்லை. மலையடிவாரம் ஏறினான். ஊர் அவனுக்குக் கொழும்பான் என்று பெயர் வைத்தது. மரியாதையாக வைத்த பெயர் இல்லை அது.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றி. 1964-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க நம் மாவட்டத்து மலையடிவாரத்தில் அரசாங்கம் ரப்பர் நட்டது. கீரிப்பாறைப் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தோட்டங்களையும் குடியிருப்புகளையும் தெரியும். சந்தையில் அவர்களுக்கு எல்லாரும் வைத்த பெயர் சிலோன்காரர்கள். எந்தத் தொனியில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே வகுப்பில் ஒரு பையனை, பெயர் தெரிந்திருந்தும், "ஏய் சிலோன்" என்று கூப்பிட்டிருக்கிறேன். கொழும்பான்விளையில் பிறந்து வளர்ந்தவன் கூப்பிட்டான். பையன்கள் சிரித்தார்கள். அவன் எழுந்து நின்றான்.

போன வருடம் அந்தப் பையன், இப்போது அவனும் தாத்தாவாகிவிட்டான், தன் பேத்தியின் கல்யாணத்துக்கு அழைக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கூடவே அவனுடைய அம்மா. எண்பதைத் தாண்டிய வயது, நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இங்கே வந்து ரப்பர் பால் வெட்டியவர். காப்பி போட்டுக்கொண்டுவர என் மனைவி உள்ளே போன நேரம், அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது ஏது ஒங்ககிட்ட?"

புலியை வெட்டிய கத்தி என்று என் தம்பி ஆரம்பித்தான். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதுலயா? இது கவ்வாத்துக் கத்திங்க. செடிக்கு வாது கழிக்கிறது. எங்க அப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

எழுந்து வந்து கத்தியைக் கழற்றிக் கையில் வாங்கினார். எங்கள் வீட்டில் யாரும் அதை அப்படிப் பிடித்ததில்லை. கட்டைவிரல் பிடியின் மேலே, வளைவு தன்னை நோக்கி. முற்றத்தில் நின்ற செம்பருத்தியிடம் போய் ஒரு வாதை இழுத்து வெட்டிப் பார்த்தார். வெட்டு விழவில்லை, பட்டைதான் நசுங்கியது. விரலால் விளிம்பைத் தடவிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "சாணைக்கல் இருக்கா சார்?" என்று கேட்டார்.

நன்றி, வணக்கம்.