13-0, ஆனாலும் வெளியே

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டும் வீடியோ இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் பேசப் போகிறேன்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஃபுட்பால்தான். அதில் தேசிய சாம்பியன் யார் என்பதை எப்படி முடிவு செய்ய வேண்டும்?

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. புளோரிடாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் வீட்டு ஹாலில் பத்துப் பேர் கூடியிருந்தோம். பிளேஆஃபுக்கு, அதாவது சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் ஆட்டங்களுக்குப் போகும் நான்கு அணிகளை டிவியில் அறிவிக்கிறார்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ். நான்காவதாக வந்த பெயர் அலபாமா. யாரும் கத்தவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி டீப்பாய் மேல் கவிழ்த்து வைத்தார். அவருடைய சின்னப் பையன் மட்டும், “நாம்தான் ஒன்றில்கூடத் தோற்கவில்லையே அப்பா?” என்று கேட்டான்.

அவன் சொன்னது உண்மை. புளோரிடா ஸ்டேட்டுக்கு 13 ஆட்டம், 13 வெற்றி. ஏசிசி கான்ஃபரன்ஸின் சாம்பியன் (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு). உள்ளே போன டெக்சாஸும் அலபாமாவும் ஆளுக்கு ஒரு ஆட்டம் தோற்றவை. ஒரு பெரிய கான்ஃபரன்ஸில் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற அணியை அந்த நான்கு அணி முறை வெளியே நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

காரணம் ஒரு கால் எலும்பு. குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர், ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பர் 18 ஆட்டத்தில் கால் முறிந்தது. அடுத்து வந்தவர் புளோரிடா பல்கலைக்கழக அணியை 24-15 என்று ஜெயித்துக் கொடுத்தார். அவருக்கும் அடிபட்டது. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்கு மூன்றாவது ஆளாக முதலாம் ஆண்டு மாணவர் ப்ராக் க்ளென் இறங்கினார். பந்தை எறிவது சரியாக அமையவில்லை, ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் லூயிவில்லை நகரவே விடவில்லை. 16-6. அழகான ஆட்டம் இல்லைதான். ஆனால் ஜெயித்தார்கள்.

13 பேர் கொண்ட தேர்வுக் கமிட்டி என்ன நினைத்தது? டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி, இனிமேல் அது தாங்காது என்று. முக்கிய வீரர் ஆட முடியாமல் போவதைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. என் சண்டை அந்த விதியோடுதான். நடந்து முடிந்த ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு, நடக்காத ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அது இடம் கொடுக்கிறது. தன் கால் சீசன் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவாட்டர்பேக் மட்டும் இல்லை என்று தெரிந்திருக்குமே என்று டிராவிஸ் எழுதினார். 23 வயதுப் பையன் அப்படி எழுத வேண்டி வந்தது என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

இதே கமிட்டி முறையின் முதல் வருடத்தைப் பாருங்கள். 2014, ஒஹாயோ ஸ்டேட். அங்கேயும் குவாட்டர்பேக்குகள் இரண்டு பேர் காயத்தில் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ். கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று அடித்ததால் நான்காவது இடத்தில் உள்ளே விட்டார்கள். அப்புறம் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். மூன்றாவது குவாட்டர்பேக்கை வைத்துப் பட்டம் வாங்கலாம் என்பதற்கு முன்னுதாரணம் கமிட்டியின் கையிலேயே இருந்தது!

சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா புளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று நசுக்கியதே என்பீர்கள். அந்த ஆட்டத்துக்குள் அவர்கள் அணியில் 20க்கும் மேற்பட்ட வீரர்கள் விலகியிருந்தார்கள். பட்டத்துக்கான கதவு மூடிய பிறகு ஆடிய ஆட்டத்தை அளவுகோலாக வைப்பது நியாயம் இல்லை. தவிர, கமிட்டி தேர்ந்தெடுத்து உள்ளே விட்ட டிசியூவும் (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 2022 சீசனின் இறுதியில் இதே ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது. ஆனால் அதற்கு முந்தைய ஆட்டத்தில் மிச்சிகனை 51-45 என்று சாய்த்தார்களே, அதை யார் எதிர்பார்த்தார்கள்?

இது புதிய நோயும் இல்லை. 1936இலிருந்து பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஏபி செய்தி நிறுவனத்தின் சாம்பியன் வந்தது. 1997இல் மிச்சிகன் ஒரு ஓட்டுப் பட்டியலில் முதல், நெப்ராஸ்கா இன்னொன்றில் முதல். 1998இல் பிசிஎஸ் என்ற தேர்வு முறை வந்து, ஓட்டையும் கணினியையும் கலந்து இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளைப் பொறுக்கியது. அந்தக் கணினிக் கணக்குகளில் பெரும்பாலானவற்றை வெளியே சொல்லவே இல்லை. 2004இல் ஆபர்ன் ஒன்றும் தோற்காமல் வெளியே நின்றது. 2017இல் யூசிஎஃப் (சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகம்) 13-0. பீச் பவுலில் அவர்கள் வென்றது ஆபர்னை. அந்த ஆபர்ன், இறுதிக்குப் போன அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் அதே சீசனில் தோற்கடித்த அணி. ஆனால் பவுல் ஆட்டங்களுக்கு முன் கமிட்டி யூசிஎஃபுக்குக் கொடுத்த இடம் 12.

சரி, என்ன செய்யலாம்? 2024இலிருந்து பிளேஆஃபில் 12 அணிகள் ஆடுகின்றன. நல்லது. நான் 16 வேண்டும் என்பேன். கான்ஃபரன்ஸ் சாம்பியன் யாராக இருந்தாலும், சின்னதோ பெரியதோ, நேரே உள்ளே வர வேண்டும். ஒரு படி கீழே இருக்கும் எஃப்சிஎஸ் பிரிவில் 1978இலிருந்தே பிளேஆஃப் நடக்கிறது. இப்போது 24 அணிகள், கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் பெரும்பாலோருக்கு நேரடி இடம். மீதி இடங்களுக்கு, சீசன் தொடங்கும் முன்பே வெளியிட்ட கணக்கு ஒன்று போதும். செப்டம்பரிலேயே எந்த மாணவனும் பேப்பர் பேனாவை எடுத்துக்கொண்டு தன் அணி எங்கே நிற்கிறது என்று தானே கூட்டிப் பார்க்க முடிய வேண்டும். கமிட்டி அறைக்கு வேலையே இருக்கக் கூடாது.

இன்னொன்று, அரையிறுதி வரைக்கும் ஆட்டங்கள் கல்லூரி மைதானத்தில்தான் நடக்க வேண்டும். இப்போது முதல் சுற்று மட்டும் அப்படி நடக்கிறது. 2024இல் ஓரிகன் 13-0, முதல் தரவரிசை. அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட்டை 32-31 என்று தங்கள் ஊரான யூஜீனில் வென்றிருந்தார்கள். முதல் சுற்றில் அவர்களுக்கு ஓய்வு. அதே சுற்றில், எட்டாம் தரவரிசை ஒஹாயோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் டென்னசியை அடித்து நொறுக்கிவிட்டு வந்தது. அடுத்து ஓரிகன் கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்துக்குப் பயணம் போய் அவர்களிடமே 41-21 என்று தோற்றது. ஒஹாயோ ஸ்டேட் சாம்பியன் ஆனது, அதில் எனக்குக் குறை இல்லை, களத்தில் நான்கு ஆட்டம் வென்று வாங்கினார்கள். யூஜீனில் ஆடியிருந்தால் ஓரிகன் ஜெயித்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆட்டத்தைத் தங்கள் ஊரில், தங்கள் கூட்டத்தின் முன்னால் ஆடும் உரிமையை 13 வாரம் ஆடிச் சம்பாதித்திருந்தார்கள்.